ஜெபிக்கவே முடியாத நாட்களில் ஜெபிப்பது எப்படி

துன்பத்தில் இருப்பவர் யாராவது "என்னால் ஜெபிக்க முடியவில்லை" என்று சொன்னால், நான் முதலில் எடுத்துக் காட்டுவது 13-ஆம் சங்கீதத்தை. மொத்தம் ஆறே வசனம். நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிடம்தான் ஆகும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் அது ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனங்களுக்குள் 'எதுவரைக்கும்' என்று நான்கு தரம் கேட்டுவிடுகிறார் தாவீது. தயக்கம் இல்லை, முன்னுரை இல்லை, ஸ்தோத்திரம்கூட இல்லை. வேதத்துக்குள்ளேயே இப்படி ஒரு ஜெபம் இருக்கிறது என்று தெரியும்போதே பலருக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாகிறது.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து போனது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அந்த இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு நாற்காலியில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவள் நான். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு, எங்கள் சபையில் நோயாளிகளையும் துக்க வீடுகளையும் பார்க்கப் போகிற பெண்களோடு சேர்ந்துகொண்டேன். இங்கே எழுதுவதெல்லாம் அந்த நாற்காலியிலும் அந்த வீடுகளிலும் கற்றுக்கொண்டது. விசுவாசத்தில் ஆறுதல் உண்டு என்று முழு மனதோடு சொல்கிறேன். ஆனால் அந்த ஆறுதல், துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பதிலிருந்து வரவில்லை. ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி பேசியதிலிருந்தும், அவரும் அழுதவர் என்று அறிந்ததிலிருந்தும்தான் வந்தது.

முறையிடக் கற்றுக்கொள்ளுங்கள்

சங்கீதப் புத்தகத்தில் 150 சங்கீதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். கேட்கப்பட்ட ஜெபத்துக்கு நன்றி சொல்லும் சங்கீதங்களைவிட இவை அதிகம். ஆராதனையில் நாம் அடிக்கடி பாடுவது துதியின் சங்கீதங்களை என்பதால் இது நம் கண்ணில் படுவதில்லை. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தங்கள் கூடாரங்களுக்குள் உட்கார்ந்து ஆண்டவரைப் பற்றி ஒருவருக்கொருவர் முறுமுறுத்தார்கள். சங்கீதக்காரர்களோ அதே அளவு கசப்பை அவருடைய முகத்துக்கு நேரே கொண்டுபோனார்கள். அவரிடம் கோபமாகப் பேசுகிறவர், அவர் கேட்கிறார் என்று இன்னும் நம்புகிறவர்தான்.

எப்படிச் செய்வது? ஒரு தாளும் பேனாவும் போதும். முதலில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்: ஆண்டவரே, அப்பா, இயேசுவே, எது வாயில் வருகிறதோ அது. அப்புறம் நடந்ததைச் சொல்லுங்கள். பொதுவாக "கஷ்டமாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள். இன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு வேண்டியதைக் கேளுங்கள். நான் அந்த நாட்களில் எழுதியவற்றில் ஒன்று இப்படி இருக்கிறது:

"ஆண்டவரே, இன்றைக்கு ஊசி சரியாக ஏறவில்லை. கை வீங்கிப்போனது. மறுபடியும் குத்தினார்கள். அவர் வலியைக் காட்டாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. நீர் எங்கே இருக்கிறீர்? நாளை மறுநாள் திரும்பவும் வர வேண்டும். அப்போது முதல் குத்திலேயே ஏற வேண்டும். வேறு எதுவும் இப்போது கேட்கத் தோன்றவில்லை."

கேட்பதைச் சின்னதாகவும் குறிப்பாகவும் கேளுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன். "உமது சித்தம் ஆகட்டும்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது பக்தியாகத் தெரியும். ஆனால் சிலுவைக்கு முந்தின இரவில், கெத்செமனே தோட்டத்தில், இயேசுவே முதலில் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்" என்று தமக்கு வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் பிதாவின் சித்தத்துக்கு வந்தார். கேட்கிற இடத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

பெரும்பாலான புலம்பல் சங்கீதங்களின் கடைசியில் ஒரு நம்பிக்கை வரி இருக்கும். 13-ஆம் சங்கீதமும் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்ற இடத்துக்கு வந்து சேர்கிறது. உங்களுக்கும் அப்படி ஒரு வரி வந்தால் எழுதுங்கள். வரவில்லை என்றால் எழுதாதீர்கள். 88-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். ஏமான் பாடியது. அதில் அந்தத் திருப்பம் வரவே இல்லை. சிநேகிதரும் விலகிப்போய், இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. வெளிச்சம் தெரியாத ஜெபத்துக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு முழு அதிகாரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. என் அனுபவத்தில் மிக மோசமான இரவுகளில் என்னைத் தாங்கியது 23-ஆம் சங்கீதம் அல்ல, இதுதான்.

எழுதுவது பழக்கமில்லாதவர்கள் வாய்விட்டுச் சொல்லலாம். புலம்பல் புத்தகத்தையும் கொஞ்சம் திறந்து பாருங்கள். எருசலேமின் அழிவைக் கண்டு அழுகிற ஐந்து பாடல்கள் அதில் இருக்கின்றன. "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற, நாம் வாழ்த்து அட்டைகளில் பார்க்கிற வசனம் அதன் மூன்றாம் அதிகாரத்தின் நடுவில்தான் வருகிறது. அதற்கு முன்னால் இருக்கிற இருபது வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். எரிந்துபோன நகரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லப்பட்ட வார்த்தை அது என்று தெரிந்தால், அதை நம்புவது எளிதாக இருக்கிறது.

சொந்த வார்த்தை வராதபோது

சில நாட்களில் எழுதவும் முடியாது, பேசவும் முடியாது. அப்போது கடன் வாங்குங்கள். குருடனான பர்திமேயு கத்தியது போதும்: "இயேசுவே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்." மூச்சை இழுக்கும்போது முதல் பாதி, விடும்போது இரண்டாம் பாதி. பரமண்டல ஜெபத்தை அர்த்தம் யோசிக்காமல் சொன்னாலும் பரவாயில்லை. மகனுடைய வியாதியால் நொந்துபோன ஒரு தகப்பன் சொன்னது இன்னொன்று: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில் வந்தன. இயேசு அந்த ஜெபத்தை ஏற்றுக்கொண்டு பையனைச் சுகமாக்கினார். "விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகம் கிடைக்கவில்லை" என்று யாராவது உங்களைக் குத்தினால், மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிற இந்தத் தகப்பனை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கிய வார்த்தையில் ஜெபிப்பது தரம் குறைந்த ஜெபம் ஆகாது. சிலுவையில் இயேசு "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கூப்பிட்டது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. உயிர் போகிற வேதனையில் அவரே தம் ஜனங்களின் பழைய ஜெபத்தைத்தான் எடுத்துக்கொண்டார். ஜெர்மனியில் ஹிட்லரை எதிர்த்ததற்காகச் சிறையில் அடைக்கப்பட்ட போதகர் தீத்ரிக் போன்ஹோஃபர், 1943 கிறிஸ்துமஸ் சமயத்தில் சக கைதிகளுக்காகக் காலை ஜெபம், மாலை ஜெபம் எல்லாம் எழுதிக் கொடுத்தார். குண்டு விழுகிற இரவுகளில் சொந்தமாக ஒரு வாக்கியம் கோர்க்க முடியாதவர்கள் அங்கே இருந்தார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அந்தச் சின்ன வரியும் வராமல் வெறும் பெருமூச்சாக இருந்தால்? ரோமர் 8:26 அதற்குத்தான். "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" ஆவியானவர்தாமே நமக்காக வேண்டுதல் செய்கிறார். சும்மா உட்கார்ந்திருங்கள். அவர் பார்த்துக்கொள்வார்.

உடம்பைக் கவனியுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டபோது ஆண்டவர் அவரைத் திட்டவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. முதலில் தூங்க விட்டார். அப்புறம் தூதனை அனுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்க விட்டார். மறுபடியும் சாப்பாடு. ஆண்டவர் பேசிய அமர்ந்த மெல்லிய சத்தம் எல்லாம் பிறகுதான் வந்தது, நாற்பது நாள் நடந்த பிறகு. ஆகவே சாப்பிடாமல், தூங்காமல் இருந்துகொண்டு "ஆண்டவரின் சமாதானம் எனக்கு வரவில்லையே" என்று உங்களையே குற்றம் சொல்லாதீர்கள். மருந்து எடுப்பதும் மனநல மருத்துவரைப் பார்ப்பதும் அவிசுவாசம் ஆகாது, சுவிசேஷத்தை எழுதிய லூக்காவே வைத்தியர்தான். எலியாவுக்கு வந்த எண்ணம் உங்களுக்கும் வந்தால், இன்றைக்கே ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவரிடமும் சொல்லுங்கள். இரவுவரை காத்திருக்க வேண்டாம்.

'ஏன்' என்ற கேள்வியும், பதில் சொல்ல வருகிறவர்களும்

நீங்கள் ஏன் என்று கேட்பீர்கள். கேட்கலாம். பிள்ளைகளையும் சுகத்தையும் இழந்த யோபு அதிகாரம் அதிகாரமாகக் கேட்டார். கடைசியில் ஆண்டவர் பெருங்காற்றிலிருந்து பேசினபோதும் காரணத்தைச் சொல்லவில்லை. ஆனால் காரணம் சொல்லிக்கொண்டிருந்த எலிப்பாசையும் மற்ற இரண்டு நண்பர்களையும் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கண்டித்தார். எனக்கு இது மிகவும் முக்கியம். கதறிய மனுஷன் சரியாகப் பேசினான், விளக்கம் கொடுத்தவர்கள் தப்பாகப் பேசினார்கள் என்பது ஆண்டவருடைய தீர்ப்பு. அந்த நண்பர்கள் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு: வந்த புதிதில் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன பாவம் செய்தோமோ" என்ற எண்ணம் இரவில் வந்து வாட்டும். அப்போது யோவான் 9-ஐ வாசியுங்கள். பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் அதையேதான் கேட்டார்கள், இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று. இரண்டும் இல்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்றார்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனாலும் சில வசனங்கள் தப்பான நேரத்தில் கல்லாக வந்து விழும். "தாங்க முடியாததை ஆண்டவர் கொடுக்க மாட்டார்" என்று சொல்வார்கள். 1 கொரிந்தியர் 10:13 அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பகுதி முழுக்க விக்கிரகாராதனைக்கும் பாவத்துக்கும் இழுக்கிற சோதனையைப் பற்றியது. அந்த நிருபத்தை எழுதிய பவுலே கொரிந்தியருக்கு எழுதின அடுத்த நிருபத்தில், ஆசியாவில் தங்களுக்கு வந்த உபத்திரவம் "எங்கள் பலத்திற்கு மிஞ்சின" பாரமாக இருந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று எழுதுகிறார். தாங்க முடியவில்லை என்று அப்போஸ்தலரே சொல்லியிருக்கும்போது நீங்களும் சொல்லலாம். "சகலமும் நன்மைக்கு" என்ற ரோமர் 8:28 உண்மையான வசனம், நான் அதில் நிற்கிறேன். ஆனால் அதை அழுகிறவர் தாமாகச் சொல்ல வேண்டும்; பக்கத்தில் இருப்பவர் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று சொல்லக் கூடாது.

என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் திணறுகிறவர்களுக்கு நான் இரண்டு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "நீங்கள் வந்ததே போதும், கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள்" என்பது ஒன்று. "எனக்காக இதை மட்டும் ஜெபியுங்கள்" என்று சொல்லி, ஒரு குறிப்பான காரியத்தைக் கொடுப்பது இன்னொன்று. அநேகர் என்ன செய்வது என்று தெரியாமல்தான் பேசிக்கொண்டே போகிறார்கள். ஒரு வேலை கொடுத்தால் அமைதியாகிவிடுவார்கள்.

இயேசுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது

மேலே சொன்ன எல்லாமே இதற்குக் கொண்டுவரத்தான். மாற்கு 14, 15, 16 அதிகாரங்களை எடுத்து, ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வசனம் என்று மெதுவாக வாசியுங்கள். பாடம் தேட வேண்டாம். அவருக்கு என்ன நடக்கிறது, யார் ஓடிப்போகிறார்கள், யார் தூரத்தில் நின்று பார்க்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். கெத்செமனேயில் அவர் பேதுரு, யாக்கோபு, யோவானைக் கூட்டிக்கொண்டு போய், என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, விழித்திருங்கள் என்று கேட்டுக்கொண்டார். தேவகுமாரனுக்கே துணை வேண்டியிருந்தது. அவர்கள் தூங்கிப்போனார்கள்.

அப்புறம் யோவான் 11. இறந்துபோன லாசருவை எழுப்பப் போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். இன்னும் சில நிமிடம்தான். அப்படி இருந்தும் லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைப் பார்த்து "இயேசு கண்ணீர் விட்டார்." டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்து இந்த அதிகாரத்தைத்தான் அதிகம் வாசித்தேன். உயிர்த்தெழுதல் நிச்சயம் என்று விசுவாசிக்கிறவர்கள் அழக்கூடாது என்று எங்களுக்குச் சொன்னவர்கள் உண்டு. முடிவு என்ன என்று தெரிந்தவரே அழுதார் என்றால், எனக்கு அது போதும். பவுலும் தெசலோனிக்கேயருக்குத் துக்கிக்காதிருங்கள் என்று எழுதவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கியாதிருங்கள் என்றுதான் எழுதினார்.

கேட்டது கிடைக்காதபோது என்ன செய்வது என்று கேட்பார்கள். என் கணவர் சுகமாக வேண்டும் என்று நாங்கள் கேட்டோம், சபையே கேட்டது. கிடைக்கவில்லை. பவுல் தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வார்த்தை கிடைத்தது. கெத்செமனேயில் பாத்திரமும் நீங்கவில்லை. கிடைக்காமல் போன ஜெபத்தோடு நிற்கிற நாம் அவருக்குத் தூரத்தில் நிற்கவில்லை, அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறோம். உயிர்த்தெழுந்த பிறகும் அவர் கைகளில் ஆணித் தழும்பு இருந்தது, தோமாவுக்குக் காட்டினார். கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார் என்ற வெளிப்படுத்தின விசேஷத்தின் வாக்கு, தழும்புள்ள அந்தக் கைகளின் வாக்கு. என் கணவருடைய கையில் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன இடத்தை நான் நினைக்கும்போது, இதைவிடப் பெரிய ஆறுதல் எனக்கு வேறு இல்லை.

சபைக்குப் போவதா, வேண்டாமா

போங்கள். பின் வரிசையில் உட்காருங்கள், கதவுக்குப் பக்கத்தில். நடுவில் எழுந்து போகலாம். பாட முடியாத பாட்டை மற்றவர்கள் பாடட்டும், நீங்கள் கேளுங்கள். கப்பர்நகூமில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" அவனோடு பேசினார் என்றுதான் மாற்கு எழுதுகிறார். அவனுடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சுமக்கப்படுகிற காலம் என்று ஒன்று உண்டு, அதில் வெட்கம் இல்லை. திருவிருந்துக்கு மட்டும் தவறாமல் முன்னால் வாருங்கள். ஒன்றும் உணராவிட்டாலும் அப்பம் கையில் கிடைக்கிறது. உங்களைச் சுமக்கக்கூடிய இரண்டு பேரை நீங்களே தெரிந்துகொண்டு, "வாரம் ஒரு தரம் என்னைக் கூப்பிடுங்கள், நான் எடுக்காவிட்டாலும் கூப்பிடுங்கள்" என்று கேட்டு வையுங்கள். எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை.

இறந்தவரின் பிறந்தநாள், திருமண நாள், முதல் கிறிஸ்துமஸ் போன்றவற்றுக்கு முன்கூட்டியே ஏதாவது திட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: யாரோடு இருப்பது, எந்த சங்கீதத்தை வாசிப்பது, எத்தனை மணிக்கு வீட்டுக்குத் திரும்புவது. திட்டம் இல்லாமல் அந்த நாள் வந்தால் பாரம் இரட்டிப்பாகிறது.

ஒரு காலத்தில், எப்போது என்று சொல்ல முடியாது, வேறொருவருடைய துக்கம் உங்களைக் கூப்பிடும். 2 கொரிந்தியர் 1-இல் பவுல் சொல்வது அதைத்தான்: நாம் பெற்ற ஆறுதலால் மற்றவர்களுக்கு ஆறுதல் செய்யத் திராணி கிடைக்கிறது. அவசரப்பட்டு அதற்குள் இறங்க வேண்டாம். உங்கள் காயத்தைப் பற்றிப் பேசாமல் ஒரு மணி நேரம் இன்னொருவரைக் கேட்க முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் போகலாம். போகும்போது வேதத்தைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்டால் எடுங்கள். அதுவரை அவர்கள் வீட்டில் கழுவாமல் கிடக்கிற பாத்திரம் ஏதாவது இருக்கும், அதைக் கழுவிக் கொடுங்கள். கிளம்பும்போது அடுத்த வாரம் எந்த நாளில் வருவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.